வி.டி. ஸ்டேஷன் எதிரே ஒரு மாணவி

காலை ஒன்பது மணி. வி.டி. ஸ்டேஷன். லோகல் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களைக் கொட்டிவிட்டுப் போகின்றன. டிபன் டப்பாவும் தோள்பையுமாக இறங்குகிறவர்களில் தாராவிக்காரர் உண்டு, மாதுங்காக்காரர் உண்டு, செம்பூர்க்காரர் உண்டு. ஸ்டேஷனின் பெயர் 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் என்று மாறியது. 2017-ல் நடுவே 'மகராஜ்' சேர்ந்தது. ஆனாலும் பழகிய வாய்க்கு அது வி.டி.தான்.

சுரங்கப்பாதையில் இறங்கி எதிர்ப்புறம் ஏறினால் டைம்ஸ் ஆஃப் இந்தியா கட்டடம். அதைத் தாண்டி கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகம் வரும். அதுதான் சர் ஜே.ஜே. கலைப் பள்ளி. 1857-ல் தொடங்கியது. வி.டி. கட்டடத்தின் கல்லில் மயிலும் குரங்கும் இலையும் கொடியுமாகச் செதுக்கியிருக்கிறதே, அந்த வேலைப்பாட்டில் பெரும் பங்கு இந்தப் பள்ளி மாணவர்களுடையது. தினமும் அந்தச் சிற்பங்களுக்குக் கீழேதான் நம்மவர்கள் ஓடுகிறார்கள். நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது?

1930-களில் அந்தப் பள்ளியில் ஒரு பார்சிப் பெண் ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கணக்கர் வேலை பார்த்த ஓர் இளைஞர் அவர் கையில் கேமராவைக் கொடுத்தார். அந்தப் பெண்தான் பிற்காலத்தில் இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று பெயர் பெற்ற ஹோமாய் வியாரவாலா. ஆனால் அந்தப் பெயர் படத்தின் கீழே அச்சாவதற்கு அவர் பல காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாடகக்காரர் மகள்

ஹோமாய் பிறந்தது 1913 டிசம்பர் 9-ம் தேதி, குஜராத்தில் உள்ள நவ்சாரியில். தகப்பனார் ஊர் ஊராகப் போகும் பார்சி நாடகக் கம்பெனியில் நடிகர். கம்பெனி போகிற இடமெல்லாம் குடும்பமும் போயிற்று. பிறகு படிப்புக்காக பம்பாய் வாசம். வசதியான குடும்பம் அல்ல. அவருடைய வகுப்பில் மெட்ரிகுலேஷன் முடித்த ஒரே பெண் அவர்தான். அதன்பின் செயின்ட் சேவியர் கல்லூரியில் பொருளாதாரம். அதற்கும் பிறகு ஜே.ஜே. பள்ளியில் ஓவியக் கலை.

மானெக்ஷா வியாரவாலாவை அவர் முதலில் சந்தித்தது பதின்மூன்றாவது வயதில். மானெக்ஷா பகலில் கணக்குப் புத்தகத்தோடு இருப்பார். மற்ற நேரமெல்லாம் கேமராவோடு. ஆபீஸ் வேலை சோறு போட, மனம் வேறொன்றில் கிடக்கிற ஆசாமிகள் அந்தக் காலத்திலும் உண்டு. ஹோமாய்க்குப் புகைப்படக் கலையைக் கற்றுத் தந்தவர் இவரே. பின்னால் கணவரும் ஆனார்.

பள்ளியில் கற்றது கோடும் வண்ணமும்; ஒரு சட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது என்ற கணக்கு. வெளியே கற்றது லென்சும் வெளிச்சமும் இருட்டறை வேலையும். இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று சொல்லித்தர ஒரு ஆசான் இல்லை. அந்த இடத்தை நிரப்பியது பழைய பத்திரிகைகள். அமெரிக்காவில் அச்சான 'லைஃப்' பத்திரிகையின் பழைய இதழ்கள் பம்பாயில் கைமாறி வந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் அவர் உலகம் எப்படிப் படம் எடுக்கிறது என்று தெரிந்துகொண்டார்.

'லைஃப்' படப் பத்திரிகையாக வெளிவரத் தொடங்கியது 1936 நவம்பரில். முதல் இதழின் அட்டையில் இருந்தது ஃபோர்ட் பெக் என்ற அணைக்கட்டின் படம். பிரம்மாண்டமான கான்கிரீட் தூண்கள், அடியில் எறும்பு மாதிரி இரண்டு மனிதர்கள். எடுத்தவர் மார்கரெட் பர்க்-ஒயிட் என்ற பெண். கேமரா ஆண்களின் சாமான் என்று எண்ணியிருந்த காலத்தில் இது சின்னச் செய்தி அல்ல.

ஒரு போர்ட்டர், நாலு விதம்

அந்த மாணவி கேமராவைக் கையில் எடுத்த சமயம் புகைப்பட உலகில் பல பாணிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அவற்றைப் புத்தகப் பாஷையில் சொன்னால் தலை சுற்றும். வி.டி.யில் தலைச்சுமையோடு நிற்கிற ஒரு போர்ட்டரை வைத்துச் சொன்னால் சுலபமாக விளங்கும்.

முதலாவது, ஸ்டூடியோ பாணி. போர்ட்டரை உள்ளே அழைத்து, மாளிகையோ பூங்காவோ வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்தி, அசையாதே என்று சொல்லி எடுப்பது. நம் வீடுகளில் தாத்தா பாட்டி படம் எல்லாம் இந்த ரகம்தான். இந்தியாவில் இந்த முறையில் புகழின் உச்சிக்குப் போனவர் ராஜா தீன் தயாள். 1844-ல் பிறந்தவர். ரூர்க்கியில் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளர், படவரைவாளர் உத்தியோகம் பார்த்தவர். அங்கிருந்து கேமராவுக்குத் தாவி, ஹைதராபாத் நிஜாமின் அரண்மனைப் புகைப்படக்காரர் ஆனார். 'ராஜா' பட்டம் நிஜாம் கொடுத்தது. 1896-ல் பம்பாயிலும் ஸ்டூடியோ திறந்தார். ஹைதராபாத்தில் கோஷாப் பெண்களுக்கென்று தனி ஸ்டூடியோ வைத்து, அதை நடத்த ஓர் ஐரோப்பியப் பெண்மணியை நியமித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, ஓவியப் பாணி. போர்ட்டரின் முகம் தெளிவாகத் தெரியக் கூடாது. விடியற்காலைப் பனி, ரயில் புகை, நடுவே நிழல் மாதிரி ஓர் உருவம். பார்த்தால் கரிக்கோலால் தீட்டியதுபோல இருக்க வேண்டும். புகைப்படமும் கலைதான் என்று நிரூபிப்பதற்காக அந்தக் காலத்து ரசிகர்கள் பிடித்த வழி இது. பம்பாயிலும் 1930-களில் இதற்கென்றே சங்கம் வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள்.

இந்தப் பாணியின் பெரிய ஆதரவாளராக இருந்துவிட்டுப் பிறகு அதைவிட்டு விலகியவர் நியூயார்க்கின் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். 1907-ல் கப்பலில் முதல் வகுப்பில் போய்க்கொண்டிருந்தவர், மேல்தட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழ்த்தட்டில் கூலி வகுப்பு ஜனங்கள். முக்காடு போட்ட பெண்கள், குழந்தைகள், காய்கிற துணி. கேமராவை எடுக்கக் கேபினுக்கு ஓடினாராம். பயன்படுத்தாத பிளேட் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அந்த ஒன்றில் எடுத்த படம்தான் இன்றுவரை பேசப்படுகிறது. பார்க்கிறவர்கள் பலரும், பிழைப்புத் தேடி அமெரிக்கா வருகிறவர்கள் அவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தக் கப்பல் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. போன இடத்தில் பிழைப்பு அமைந்தவர்களும் அமையாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். தாதர் எக்ஸ்பிரஸில் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பியவர்களுக்கு அந்தத் தட்டின் நெரிசலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பாணி ரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் கிளம்பியது. மாஸ்கோவில் ரோட்சென்கோ, ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த மொஹோலி-நாகி ஆகியோர் இதன் முன்னோடிகள். மனிதனின் தொப்புள் உயரத்திலிருந்தே எல்லாவற்றையும் ஏன் பார்க்க வேண்டும் என்று ரோட்சென்கோ சண்டைக்கு வந்தார். பால்கனியிலிருந்து தலைகீழாகப் பார்; தரையில் படுத்து அண்ணாந்து பார்; நேர்கோட்டைச் சாய்த்துவிடு. இந்த முறையில் நம் போர்ட்டர் பாலத்தின் மேலிருந்து பார்க்கப்படுவார். ஒரு வட்டச் சும்மாடு, ஒரு பெட்டி, பிளாட்பாரத்தில் நீளமாக விழுந்த நிழல். அவ்வளவே.

நாலாவது, பத்திரிகைப் பாணி. போர்ட்டரை யாரும் நிறுத்துவதில்லை. அவர் பாட்டுக்கு ஓடுவார். பெட்டி சரிகிற சமயம், கூலி பேசி முகம் சுளிக்கிற சமயம், அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருப்பது. 1925-ல் விற்பனைக்கு வந்த லைகா என்ற கைக்கடக்கமான கேமராதான் இதைச் சாத்தியமாக்கியது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1932-ல் பாரிஸில் ஒரு ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிற ஆளைப் பிடித்தார். குதிகால் தண்ணீரைத் தொடவில்லை, தொடப்போகிறது. அவ்வளவுதான் படம். மழைக்காலத்தில் குர்லாவில் தினசரி நடக்கிற சமாச்சாரம். ஆனாலும் உலகம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்துப் பாடம் படிக்கிறது.

தோழிகளே மாடல்

இந்தப் பாணிகளில் எதை ஹோமாய் எடுத்துக்கொண்டார்? அவருடைய ஜே.ஜே. கால, பம்பாய்க் காலப் படங்களில் புதிய பார்வையின் சாயல் நன்றாகத் தெரிகிறது. மாடலுக்குக் காசு கொடுக்க வழியில்லை. உடன் படித்த தோழிகளே மாடல். சிற்ப வகுப்பு, ஓவிய வகுப்பு, உல்லாசப் பயணம் என்று அவர்கள் எங்கே இருந்தார்களோ அங்கே எடுத்தார். தலை குனிந்து நாணி நிற்கிற பெண்கள் அல்ல அவர்கள். வேலையில் மூழ்கியவர்கள், நேராகப் பார்க்கிறவர்கள். ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் கையைக் கட்டி நின்ற பெண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர்கள் வேறு தேசத்துப் பெண்கள் மாதிரி தெரிந்திருப்பார்கள்.

அவர் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ் கேமராவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1929-ல் வந்த ஜெர்மன் கேமரா அது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். ஒன்று பார்க்க, மற்றது படம் பதிய. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பதில்லை. வயிற்றுக்கு நேரே வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலே உள்ள கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அதில் தெரிவது இடவலம் மாறிய பிம்பம். ஆள் இடது பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் வலது பக்கம் போவார். பழகுகிற வரைக்கும் கை தடுமாறும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம்.

இதில் ஒரு நன்மை உண்டு. முகத்தை மறைத்துக்கொண்டு எதிராளியை முறைக்கிற கருவி அல்ல இது. குனிந்து நிற்கிற ஆளைப் பார்த்து யாரும் விறைத்துக்கொள்வதில்லை. அத்துடன், கேமரா வயிற்று உயரத்தில் இருப்பதால் எதிரே நிற்பவர் கொஞ்சம் நிமிர்ந்தே தெரிவார். ஹோமாயின் படங்களில் சாதாரண ஆட்களுக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுவதில் இந்த உயரத்துக்கும் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

சேலை கட்டிய பெண் கேமராவோடு தெருவில் அலைவது பம்பாய்வாசிகளுக்கு விசித்திரக் காட்சியாக இருந்தது. இவள் என்ன பெரிதாக எடுத்துவிடப் போகிறாள் என்று யாரும் சட்டை செய்யவில்லை. அந்த அலட்சியமே தனக்கு அனுகூலமாகிவிட்டது என்று அவர் வயதான காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஒரு படம், ஒரு ரூபாய்

முதலில் பிரசுரமானது ஒரு பெண்கள் சங்கத்தின் உல்லாசப் பயணப் படங்கள். 'பாம்பே கிரானிக்கிள்' பத்திரிகை வெளியிட்டது. படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் சன்மானம். அதன்பின் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா'. ஸ்டான்லி ஜெப்சன் என்ற வெள்ளைக்காரர் அப்போது அதன் ஆசிரியர். டைம்ஸ் நிறுவனத்தின் வாரப் பத்திரிகைதான் அது. மானெக்ஷா கணக்கு எழுதிய அதே நிறுவனம். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின், போர்க்கால பம்பாய் வாழ்க்கையைக் காட்டும் ஹோமாயின் கறுப்பு வெள்ளைப் படங்கள் அதில் நிறைய வந்தன.

படத்தின் கீழே அச்சான பெயர் மட்டும் மானெக்ஷாவுடையது.

இதை இன்றைய கண்ணோடு பார்த்து மானெக்ஷா மேல் பழி போடுவது நியாயமாகாது. அவர் திருடவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயரைவிட, ஏற்கெனவே பத்திரிகைகளுக்குத் தெரிந்த ஆணின் பெயருக்கு மதிப்பு இருந்தது. கேமராவும் ஒன்று, குடும்பமும் ஒன்று, வருகிற பணமும் ஒன்று. படம் வந்தால் போதும் என்று இருவருமே நினைத்திருக்கலாம். பத்திரிகை உலகில் கீழே பெயர் வராமல் உழைக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களைக் கேட்டால் இந்தச் சமாதானத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் சமாதானம் சொல்லிக்கொள்கிறபோதே ஒரு இடத்தில் உறுத்தும் அல்லவா? கோணம் பார்த்தது ஒரு கண். பத்திரிகை வாசகன் மெச்சியது வேறொரு பெயரை. அன்றைக்கு அந்த இதழ்களைப் புரட்டிய ஒரு மாணவிக்கு, இதை எடுத்தவள் என்னைப் போல ஒரு பெண் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஹோமாய்க்காவது 'லைஃப்' அட்டையில் ஒரு பெண்ணின் பெயர் கிடைத்தது.

டெல்லிக்கு மாற்றம்

1942-ல் தம்பதிகள் டெல்லி போனார்கள். பிரிட்டிஷ் தகவல் அலுவலகத்தில் வேலை. வெளிப் பத்திரிகைகளுக்கும் படம் கொடுக்கலாம். கதர்ச் சேலை, தோளில் கேமராப் பெட்டி, ஏறிப்போக சைக்கிள். டெல்லிப் புகைப்படக்காரர் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண். இருட்டறை வேலையில் மானெக்ஷா துணையாக இருந்தார்.

அங்கே ரோலிஃபிளெக்ஸோடு ஸ்பீடு கிராஃபிக் என்ற பெரிய அமெரிக்கப் பத்திரிகைக் கேமராவும் சேர்ந்தது. ஒரு தகட்டில் முன்னும் பின்னுமாக இரண்டே ஃபிலிம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபிளாஷ் பல்பு. ஒரு தடவை எரிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். கைப்பேசியில் நூறு படம் தட்டி, தொண்ணூற்றொன்பதை அழிக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கஞ்சத்தனம் விளங்காது. எப்போது அழுத்துவது என்பதைவிட எப்போது அழுத்தாமல் இருப்பது என்பதே அப்போது பெரிய படிப்பு.

1947 ஜூனில் பிரிவினைத் திட்டத்தை ஏற்கக் காங்கிரஸ் தலைவர்கள் கை உயர்த்தியதை எடுத்தார். ஆகஸ்ட் 16-ம் தேதி செங்கோட்டையில் கொடி ஏறியதை எடுத்தார். மவுண்ட்பேட்டன் விடைபெற்றதை எடுத்தார். பட்டியல் நீளும்.

காந்தியைச் சுற்றி மூவர்

பாணி என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு அந்த நாட்களின் டெல்லியைக் காட்டலாம். பழைய இதழில் பெயர் பார்த்த பர்க்-ஒயிட் அங்கே வந்தார். கார்ட்டியே-பிரெஸ்ஸோனும் வந்தார். ஹோமாய் அங்கேயே இருந்தார். மூவருக்கும் எதிரே காந்தி.

காந்திக்கு ஃபிளாஷ் வெளிச்சம் ஆகாது. 1946-ல் பூனாவில் அவரைப் படமெடுக்கப் போன பர்க்-ஒயிட்டிடம், முதலில் ராட்டையில் நூற்கக் கற்றுக்கொள், பிறகு படம் எடு என்று உதவியாளர் சொல்லிவிட்டார். கற்றுக்கொண்டு வந்தார். மூன்றே பல்புக்கு அனுமதி. முதல் இரண்டும் சொதப்பின. மூன்றாவதில் கிடைத்ததுதான் ராட்டைக்குப் பின்னால் காந்தி உட்கார்ந்து படிக்கிற உலகப் புகழ் பெற்ற படம். ராட்டை முன்னால் பெரிதாக, மனிதர் பின்னால் அமைதியாக. அணைக்கட்டை எடுத்த அதே கை. பொருள் பெரிது, ஆள் சிறிது.

கார்ட்டியே-பிரெஸ்ஸோன் ஃபிளாஷையே தொடமாட்டார். 1948 ஜனவரி 30-ம் தேதி, காந்தி சுடப்படுவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அவரைச் சந்தித்துவிட்டு வெளியே வந்திருந்தார். அன்றிரவு பிர்லா மாளிகை வாசலில் நேரு ஏறி நின்று செய்தியைச் சொன்னபோது, அங்கே இருந்த விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்தார். படம் கலங்கித்தான் இருக்கிறது. கூட்டத்தின் மனமும் அப்படித்தானே இருந்தது. அதே இரவு, உள்ளே காந்தியின் உடலருகே பர்க்-ஒயிட் ஃபிளாஷ் அடித்ததாகவும், ஆத்திரமடைந்தவர்கள் அவரை வெளியேற்றியதாகவும் சொல்வார்கள்.

ஹோமாயும் ஃபிளாஷ் பயன்படுத்தியவர்தான். இந்தப் பெண் என்னைக் குருடாக்காமல் விடமாட்டாள் போலிருக்கிறது என்று காந்தி அவரைக் கேலி செய்தது உண்டு. ஆனால் முக்கியமான அந்த நாளில் அவர் இடத்தில் இல்லை. பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்டவரை, நாளைக்கு இருவரும் சேர்ந்து போகலாம் என்று கணவர் நிறுத்திவிட்டார். நாளை என்பது இறுதி ஊர்வலமாக வந்தது. அதை எடுத்தார். முதல் நாளை இழந்த வருத்தம் கடைசி வரை அவரை விடவில்லை.

இருவரிடமிருந்தும் அவருடைய பாணி எங்கே வேறுபடுகிறது? பர்க்-ஒயிட்போல அவர் காட்சியைக் கட்டி எழுப்புவதில்லை. பிரெஞ்சுக்காரர்போலக் கூட்டத்தில் கரைந்து மறைவதும் இல்லை. சேலை கட்டிய ஒரே பெண் எங்கே மறைவது? எல்லோருக்கும் தெரியும்படி, ஆனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத தூரத்தில் நின்று, எதிராளி தன்னை மறக்கிற வரைக்கும் காத்திருப்பார். யாரையும் அவலமான நிலையில் எடுப்பதில்லை என்ற விரதம் வேறு. விமான நிலையத்தில் நேரு நிற்கிறார். பக்கத்திலேயே, புகைப்படம் எடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பலகை. அந்தப் பலகையோடு சேர்த்தே நேருவை எடுத்தார். குறும்பு உண்டு; யாருக்கும் காயம் இல்லை. 1964-ல் நேரு மறைந்தபோது மற்றப் புகைப்படக்காரர்களுக்குத் தெரியாமல் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே கடமையையும் செய்தார்.

டால்டா 13

டெல்லியில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் வேடிக்கையானது. 'டால்டா 13'. சமையல் டால்டாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவருடைய முதல் காரின் நம்பர் டி.எல்.டி. 13. பிறந்தது 1913. கணவரைச் சந்தித்தது 13-வது வயதில். கணவர் பெயரில் தொடங்கியவர், கார் நம்பரில் ஒரு பெயர் கண்டுபிடித்துக்கொண்டார் போலும்.

1956-ல் தலாய் லாமா முதன்முறையாக நாதூலா கணவாய் வழியே சிக்கிமுக்குள் வந்தபோது ஹோமாய் ரயிலும் காருமாகத் தன்னந்தனியே காங்டாக் போய்ச் சேர்ந்தார். படம் எடுத்தது 'லைஃப்' பத்திரிகைக்காக. ஜே.ஜே. மாணவியாகப் பழைய இதழ் வாங்கிப் பார்த்தாரே, அதே 'லைஃப்'.

மானெக்ஷா 1969-ல் காலமானார். 1970-ல் ஹோமாய் கேமராவை மூடி வைத்தார். வயது 57-கூட நிறையவில்லை. புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் முண்டியடிப்பும், தலைவர்களைச் சுற்றி ஏறிக்கொண்டே போன கட்டுக்காவலும் அவருக்கு ஒத்துவரவில்லை. இப்படிப்பட்ட கூட்டத்தில் நிற்க மாட்டேன் என்று போய்விட்டார். அவசரப்பட்டுவிட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எழுபதுகளின் டெல்லியை அவர் கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லையே என்பது நியாயமான குறைதான். ஆனால் எப்போது அழுத்தாமல் இருப்பது என்று கற்றவர் அவர்.

மகன் பிலானியில் கல்லூரி ஆசிரியர். அவரோடு ராஜஸ்தான் போய், பிறகு 1982-ல் வடோதராவுக்கு வந்தார். 1989-ல் மகனும் புற்றுநோய்க்குப் பலியானார். அதன்பின் தனி வாசம். வீட்டில் தச்சு வேலையிலிருந்து குழாய் ரிப்பேர் வரை தானே பார்த்துக்கொள்வார். பழைய ஃபியட்டை விட்டு, டாடா நானோ வந்தபோது முதல் வரிசையில் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். அப்போது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

அவரை மறுபடியும் உலகுக்கு அறிமுகம் செய்ததில் பெரும் பங்கு சபீனா காதியோக் என்ற ஆய்வாளருடையது. பல ஆண்டுகள் பேசி, படங்களைப் பிரித்து அடுக்கி, 2006-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். படத் தொகுப்பு முழுவதையும் ஹோமாய் டெல்லி அல்காஜி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 2010-ல் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பெரிய கண்காட்சி. 2011-ல் பத்ம விபூஷண். 2012 ஜனவரி 15-ம் தேதி வடோதராவில் காலமானார். வயது 98. அந்த ஆண்டே நியூயார்க்கில் ரூபின் அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது.

தலைவர்கள் படத்துக்குத்தான் கூட்டம் அதிகம். ஆனால் ஜே.ஜே. தோழிகளின் படங்களும், பம்பாய்த் தெருப் படங்களும் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. 1940-களின் தொடக்கத்தில் எடுத்த வி.டி. ஸ்டேஷன் படமும் உண்டு. இப்போது அது எங்கே அச்சானாலும் ஹோமாய் வியாரவாலா என்ற பெயரோடுதான் அச்சாகிறது.